தரங்கம்பாடியில் ஓர் இளம் மறைபரப்பாளரின் நாட்கள்

தம் சமயத்தைப் பரப்பும் நோக்குடன் தாயகம் துறந்து அயல்நாடு சென்றோரைப் பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் இரு கணக்குகளோடு நின்று விடுகின்றன. எத்தனை பேர் மதம் மாறினர் என்பது ஒன்று. எத்தனை வழிபாட்டிடங்கள் எழுந்தன என்பது மற்றொன்று. பொழுது புலர்ந்தது முதல் விளக்கு அணையும் வரை அம்மனிதர் என்ன செய்தார், எவரோடு அமர்ந்தார், எதைப் படித்தார் என்பதை அறிய விழைவோர்க்கு அவ்வரலாறுகளில் அதிகம் கிடைப்பதில்லை. இதற்கு விதிவிலக்காக அமைந்தவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. செருமனியின் சாக்சனி நாட்டில் புல்சுநிட்சு என்னும் சிற்றூரில் 1682-இல் பிறந்த இவர், தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பாவுக்கு ஓயாது கடிதம் எழுதினார். அக்கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஹாலே நகரத்துக் கல்வி நிறுவனத்தினர் 1710 முதல் தொடர்ந்து அச்சிட்டு வெளியிட்டனர். அவற்றின் பயனாக, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் சோழமண்டலக் கரையில் வாழ்ந்த ஓர் அயல்நாட்டு இளைஞரின் நாளை ஏறத்தாழ மணிக்கணக்கில் நாம் அறிய முடிகிறது.

அவர் வந்த சூழலைச் சற்றே நினைவூட்டுதல் தகும். தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் 1620-இல் உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் தரங்கம்பாடியில் கோட்டை எழுப்பி வாணிகம் நடத்தி வந்தனர். எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்களுக்கு மிளகும் துணியும் மட்டுமே குறிக்கோளாக இருந்தன. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு தம் ஆளுகைக்குட்பட்ட இவ்வூருக்கு மறைபரப்பாளரை அனுப்ப விரும்பியபோது, அப்பணிக்கு டேனியர் எவரும் அமையவில்லை. சீகன்பால்குவும் அவரைவிட ஆறாண்டு மூத்தவரான ஐன்ரிக்கு புளூச்சோவும் செருமனியிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டனர். 1705 நவம்பர் இறுதியில் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்ட கப்பல், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு 1706 சூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தது. அப்போது சீகன்பால்குவுக்கு 24 வயது நிரம்பும் தறுவாய்.

வரவேற்பு இனிமையாக அமையவில்லை. கோட்டையின் தளபதி ஹாசியசு, மன்னரின் ஆணையோடு வந்த இவ்விருவரையும் வேண்டாத விருந்தாளிகளாகவே கண்டார். வந்த காரியம் யாது என வினவியபின், தங்குமிடம் கூடக் காட்டாது கடைவீதியில் நிற்க விட்டுச் சென்றதாகக் கூறப்படுகிறது. இதை ஒரு தனிமனிதரின் கடுகடுப்பு என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. வாணிகக் குழுவின் வருவாய் உள்ளூர் வணிகரின் நல்லெண்ணத்தைச் சார்ந்திருந்தது. அவர்களின் சமயத்தைக் குறை கூற இருவர் வந்து இறங்குவது வாணிகத்துக்கு ஊறு என அவர் அஞ்சினார். சிலுவையும் தராசும் எப்போதும் கைகோத்தே வந்தன என்று எளிதாகச் சொல்லிவிடும் நம் வழக்கத்திற்குத் தரங்கம்பாடி முழுவதும் உடன்படுவதில்லை.

துறைமுகத்தில் அந்நாளில் பொதுமொழியாக வழங்கியது போர்த்துக்கீசியம். புளூச்சோ அதில் கருத்தூன்றினார். சீகன்பால்கு தமிழை எடுத்துக்கொண்டார். அச்சிட்ட இலக்கணமோ அகராதியோ கையில் இல்லை. எனவே முதியவர் ஒருவர் நடத்தி வந்த திண்ணைப் பள்ளியைத் தம் இருப்பிடத்திற்கே வரச் செய்து, சிறுவர்களோடு தாமும் தரையில் அமர்ந்து, விரலால் மணலில் எழுத்துகளை எழுதிப் பழகினார். பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் எபிரேயமும் பயின்றவர், ஐந்து வயதுப் பிள்ளைகளோடு அகரம் எழுதிய காட்சியை எண்ணிப் பார்க்கலாம். ஆயினும் ஓர் இடர் இருந்தது. ஆசிரியருக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. எழுத்தைக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்ட மாணவர், வாசித்ததன் பொருள் அறியாது திகைத்தார். இக்குறையைப் போக்கியவர் அழகப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளர். வாணிகக் குழுவில் பணியாற்றியிருந்த அவர் போர்த்துக்கீசியம், டேனியம், டச்சு, செருமன் ஆகிய மொழிகளில் பேச வல்லவர். அவர் வாயிலாகவே சொற்கள் பொருளோடு வந்து சேரத் தொடங்கின. 1707 ஆகத்து மாதம் தரங்கம்பாடியில் எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டபோது தமிழிலும் போர்த்துக்கீசியத்திலும் உரைகள் நிகழ்த்தப் பெற்றன. கரையிறங்கி அப்போது பதின்மூன்று மாதங்களே ஆகியிருந்தன.

அவர் வகுத்துக்கொண்ட அன்றாட ஒழுங்கைக் கடிதமொன்றில் தாமே விவரித்துள்ளார். காலை 7 முதல் 8 மணி வரை, முன்னர்க் கற்றுக் குறித்து வைத்திருந்த சொற்களையும் தொடர்களையும் திரும்பத் திரும்ப ஓதிப் பார்ப்பார். 8 மணிக்குத் தொடங்கி நண்பகல் 12 வரை, அதுவரை தாம் படித்திராத தமிழ் நூல்களை மட்டுமே வாசிப்பார். அருகில் முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் அமர்ந்திருப்பர். புதிய சொல்லோ மரபுத்தொடரோ எதிர்ப்பட்டால் எழுத்தர் உடனே அதனைக் குறித்துக்கொள்வார். செய்யுள் கடினமாயிருப்பின் புலவர் அதனைப் பேச்சுத் தமிழில் விரித்துச் சொல்வார். உண்ணும் வேளையிலும் ஒருவர் நூல் படிக்க, இவர் கேட்டுக்கொண்டே உண்பார். பிற்பகல் 3 முதல் 5 வரை மீண்டும் சுவடிகள். மாலை 7 முதல் 8 வரை கண்ணுக்கு ஓய்வு தரவேண்டி, பிறரைப் படிக்கச் சொல்லிச் செவியால் கற்பார். விளக்கொளியில் ஓலையின் கீறல் எழுத்துகளை வாசிப்பது எத்துணை அரிது என்பதைச் சுவடிப் பழக்கம் உள்ளோர் நன்கறிவர். அம்மாலைப் பொழுதுக்கு எந்நூலைத் தேர்ந்தார் என்பதும் கருதத்தக்கது. எவருடைய நடையைத் தம் பேச்சிலும் எழுத்திலும் பின்பற்ற இயலுமோ, அத்தகைய ஆசிரியர்களையே அவர் விரும்பினார்.

போதிக்க வந்தவர் என்று நாம் அறிந்துள்ள ஒருவரின் நாளில், பிறர் சொல்லக் கேட்கும் நேரமே இவ்வளவு மிகுந்திருந்தது. எஞ்சிய வேளைகளில் மறைக்கல்வி புகட்டுதல், நோயுற்றோரைக் காணல், பள்ளி மேற்பார்வை, அயலூர்ச் சந்தைகளுக்கும் சத்திரங்களுக்கும் சென்று மக்களோடு உரையாடுதல் ஆகியன நிகழ்ந்தன. அவ்வுரையாடல்களில் பலவற்றை அவர் எழுதி அனுப்பினார். அவற்றுள் முப்பத்து நான்கு 1719-இல் இலண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தன. தம் கட்சியே வென்றதாக எழுதிக்கொள்ளும் இயல்பு அவற்றில் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் எதிர்த்து வினவியோரின் வாதங்களையும் அவர் பதிவு செய்தார். கிறித்தவர் என்று சொல்லிக்கொள்ளும் ஐரோப்பியர் குடித்தும் சூதாடியும் திரிவதைச் சுட்டிக்காட்டி, இதுதானோ உங்கள் மறை தரும் ஒழுக்கம் எனக் கேட்டவர் பலர். அதற்கு அவரிடம் எளிதான விடை இருக்கவில்லை.

நூல்களைத் திரட்டிய விதமும் அன்றாட வாழ்வின் ஒரு பகுதியே. விலைக்கு விற்கும் நூற்கடைகள் இல்லாத காலம். தம் எழுத்தர்களைப் பல நாள் பயணத் தொலைவுக்கு உள்நாட்டில் அனுப்பி, பார்ப்பனக் கைம்பெண்டிரிடமிருந்து சுவடிகளை விலைக்கு வாங்கச் செய்தார். கிடைக்காதவற்றை ஆள் வைத்துப் படியெடுத்தார். இவ்வாறு சேர்த்தவற்றுக்கு 1708-இல் ஒரு குறிப்புரைப் பட்டியல் எழுதி ஐரோப்பாவுக்கு விடுத்தார். அதில் 165 பதிவுகள் உள்ளன. தம் சபையினர் ஆக்கியவை 14, கத்தோலிக்கருடையவை 21, இந்து சமயத்தாரும் சமணரும் இயற்றியவை 119. தொல்காப்பியமும் திருக்குறளும் அவற்றுள் இடம்பெறுகின்றன. நான்காம் பிரிவாக அமைந்தவை முஸ்லிம்களின் தமிழ் நூல்கள். அவற்றின் எண்ணிக்கை 11.

இப்பதினொன்று நம் கவனத்திற்குரியது. 1572-இல் அரங்கேறியதாகக் கூறப்படும் வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிர மசலா தொடங்கி, பதினேழாம் நூற்றாண்டில் இசுலாமியத் தமிழிலக்கியம் தழைத்ததை நாம் பெரிதும் பிற்காலச் சுவடிகளையும் பதிப்புகளையும் கொண்டே பேசி வருகிறோம். 1708-இல் கடலோரச் சிற்றூர் ஒன்றில், நம் சமூகத்தோடு தொடர்பில்லாத ஓர் அயல்நாட்டார், வந்த இரண்டே ஆண்டுகளில் முஸ்லிம் நூல்கள் பதினொன்றைக் கைவசப்படுத்த முடிந்தது என்பது, அந்நூல்கள் அன்றே பரவலாகப் படியெடுக்கப்பட்டு வழங்கின என்பதற்குச் சான்றாகும். தமிழ் எழுத்திலமைந்த சுவடிகளையே அவர் வாசித்திருக்கக்கூடும். அரபுத் தமிழில் எழுதப்பட்டவை அவர் பார்வைக்கு எட்டியிரா எனக் கருதலாம். ஆகவே பதினொன்று என்பது அன்றிருந்தவற்றின் முழுக் கணக்கன்று, ஒருவர் கைக்கு எட்டியவற்றின் கணக்கே. 2012-இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் இப்பட்டியலை விரிவான ஆய்வுக் குறிப்புகளோடு ஆங்கிலத்தில் வெளியிட்டது. நம் அரபிக் கல்லூரி நூலகங்கள் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டிய நூல் அது.

இத்துணைப் படிப்பும் அவருள் என்ன செய்தது? ஐரோப்பாவிலிருந்து வரும்போது, இந்நாட்டு மக்கள் கல்வியும் ஒழுங்கும் அறியாதவர் என்னும் பொதுக் கருத்தே அவரிடமும் இருந்தது. நூல்களைத் தாமே வாசிக்கத் தலைப்பட்டபின், அக்கருத்து அறியாமையின் விளைவு என வெளிப்படையாக எழுதினார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை 1708-இலேயே செருமன் மொழியில் பெயர்த்து, இவர்களின் அறநெறி எத்தகையது என்பதைத் தம் நாட்டார் அறியட்டும் என அனுப்பினார். அதற்காக அவர் தம் நோக்கத்தைக் கைவிட்டார் என்று எண்ணிவிடலாகாது. உருவ வழிபாட்டைச் சாடும் சிவவாக்கியர் பாடல்களை அவர் விரும்பிப் பயின்றதற்குக் காரணம், தமிழ்ச் சான்று கொண்டே தமிழரை மறுக்கலாம் என்பதுதான். படிப்பு அவருக்குப் படைக்கலமாகவும் இருந்தது. அதே வேளை அப்படிப்பு அவரை மாற்றவும் செய்தது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் காட்டிப் புகழ்வோரும் இகழ்வோரும் உளர். அவருடைய கடிதங்களை முழுமையாகப் படிப்போர்க்கு இரண்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்துத் தென்படும்.

வெளியுலகும் அவரை நிம்மதியாகப் படிக்க விட்டுவிடவில்லை. 1707 மே மாதம் அவர்கள் முதன்முதலில் திருமுழுக்களித்த ஐவரும் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாயிருந்தவர்கள். அடிமை தன் எசமானரோடு ஒரே கூரையின்கீழ் வழிபடுவது பலருக்குப் பொறுக்கவில்லை. 1708 இறுதியில், காலஞ்சென்ற தமிழர் ஒருவரின் கடன் வழக்கில் அவர்தம் கைம்பெண்ணுக்காகச் சீகன்பால்கு பரிந்து பேசியதை அதிகார மீறலாகக் கொண்ட தளபதி, அவரைக் கோட்டையில் சிறை வைத்தார். ஏறத்தாழ நான்கு மாதங்கள் அவர் அங்கிருந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கியிருந்தார். விடுதலைக்குப்பின் தொடர்ந்த அப்பணி 1711-இல் நிறைவுற்று, 1714, 1715 ஆண்டுகளில் தரங்கம்பாடி அச்சகத்திலேயே அச்சேறியது. அவ்வச்சகத்தின் வரலாறு தனிக் கட்டுரைக்குரியது.

தளபதியின் சிறையைக் காட்டிலும் அவரை ஆழமாகப் புண்படுத்தியிருக்கக்கூடியது தம் ஆசான்களிடமிருந்து வந்த மறுப்பேயாம். 1711-இல் தமிழரின் சமய வாழ்வைப் பற்றியும், 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களின் பரம்பரையைப் பற்றியும் இரு பெருநூல்களைச் செருமன் மொழியில் எழுதி முடித்தார். இரண்டாம் நூல், தமிழர் தம் சமயத்தைப் பற்றித் தாமே எழுதித் தந்த கடிதங்களைப் பெரிதும் துணைக்கொண்டது. ஹாலேயின் தலைவர் பிராங்கே அதனை அச்சிட இசையவில்லை. மறைபரப்பாளர் அனுப்பப்பட்டது அஞ்ஞானத்தை வேரறுக்கவேயன்றி, அதனை ஐரோப்பாவில் பரப்புவதற்கன்று என்பது அவர் கருத்து. பிறர் சமயத்தை அவரவர் வாய்மொழி கொண்டு அறிய முற்பட்டவர், சொந்த இல்லத்தாராலேயே ஐயுறப்படும் நிலை எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவானதே. அல்பீரூனி இந்திய சமயங்களைப் பற்றி எழுதப் புகுந்தபோது, தம் நூல் வாதப்போர் நூலன்று எனத் தொடக்கத்திலேயே விளக்க நேர்ந்ததை இங்கு எண்ணலாம்.

உடல்நலம் குன்றி, சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23-ஆம் நாள் தரங்கம்பாடியிலேயே மறைந்தார். அப்போது அவருக்கு வயது 36. முந்திய ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் அவருடல் அடக்கம் செய்யப்பட்டது. தெய்வங்களின் பரம்பரையை விளக்கும் நூல் 154 ஆண்டுகள் கையெழுத்தாகவே கிடந்து, 1867-இல் சென்னையில் முதன்முதலாக அச்சேறியது. 1711-இல் எழுதிய நூல் ஆம்சுட்டர்டாம் நகரில் வெளிவர 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.