பரணில் கிடந்த விமானம்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபின் வரும் நீண்ட ஓய்வுக்காலத்தில், பரணிலிருந்து பழைய பெட்டியொன்று கீழே இறங்குவதுண்டு. இளமையில் ஆசையுடன் வாங்கி, நேரமின்மையால் செய்யாமலே விட்ட பிளாஸ்டிக் மாதிரி விமானம் அதனுள் இருக்கும். ‘இதை இப்போது செய்யலாமா?’ என்று கேட்போருக்கு நாங்கள் கூறும் விடை இதுவே: உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அவசரமின்றிச் செய்யலாம்.

எடுத்துக்காட்டாக, பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1950களிலிருந்து வெளியிட்டுவரும் ஸ்பிட்ஃபயரைக் கொள்வோம். உண்மை விமானத்தின் இறக்கை நீட்டம் 11.23 மீட்டர், 1/72 அளவிலான மாதிரியில் அது ஏறத்தாழ 15.6 சென்டிமீட்டர். விளிம்புள்ள ஒரு தட்டுக்குள் வேலை முழுவதும் அடங்கிவிடும். அவ்விமானத்தை வடிவமைத்த ஆர். ஜே. மிட்செல், 1933இல் குடல் புற்றுநோய்க்காகப் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். பின்னர்ப் பணிக்குத் திரும்பினார்; 1934இல் விமானம் ஓட்டவும் கற்றார். 1936 மார்ச் 5 அன்று ஸ்பிட்ஃபயர் முதன்முதலாகப் பறந்தது. நோய் மீண்டும் வந்ததால் 1937இல், 42ஆம் வயதில் அவர் மறைந்தார். நாம் அறிந்த ஸ்பிட்ஃபயர், அந்த அறுவை சிகிச்சைக்குப் பிந்திய ஆண்டுகளில் உருப்பெற்றதாகும்.

பழைய பெட்டியில் தூசியும் பூஞ்சையும் இருக்கலாம். எனவே உடனிருப்பவர் முகக்கவசம் அணிந்து, அதனை வீட்டுக்கு வெளியே திறப்பது நன்று. பாகங்களைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்த வேண்டும். தூசியுடன் அச்சில் ஒட்டிய எண்ணெய்ப்பசையும் நீங்கினால்தான் வண்ணம் பிடிக்கும். பெட்டியிலுள்ள பழைய பசையையும் வண்ணங்களையும் பயன்படுத்த வேண்டா. பழைய எனாமல் வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும்.

பாகங்களைச் சட்டத்திலிருந்து முறித்தெடுக்காமல், நகவெட்டியால் நறுக்கி எடுக்கலாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர் கூரிய கத்தியைத் தவிர்க்க வேண்டும். விளிம்புகளில் பிதுங்கி நிற்கும் மெல்லிய பிளாஸ்டிக்கை உப்புத்தாளால் தேய்த்து நீக்கலாம். தாளை நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. வளைந்த இறக்கையைக் கொதிக்காத வெந்நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி, மெல்ல நிமிர்த்திக் குளிர்நீரில் இட்டால் நேராகும். விரல்களில் மரத்துப்போன உணர்வுள்ளோர்க்குச் சூடு தெரியாதாகையால், இதனைக் குடும்பத்தார் செய்து கொடுக்கட்டும்.

மாதிரி விமானத்துக்குரிய பசை, வெறுமனே ஒட்டுவதன்று. அதிலுள்ள கரைப்பான் இரு பக்கப் பிளாஸ்டிக்கையும் சற்றே கரைக்கிறது. அது ஆவியானதும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே சிறிதளவே தடவி, நாடாவால் கட்டி, ஓரிரவு விட்டுவைக்க வேண்டும். முறிந்த எலும்பைப் போலவே, அசைக்காமல் வைத்தால்தான் அதுவும் கூடும். இப்பசையின் ஆவி எளிதில் தீப்பற்றும், நெஞ்சையும் உறுத்தும். காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்பும் விளக்குச்சுடரும் இல்லாதபோது மட்டுமே பயன்படுத்துங்கள். ஆஸ்துமா உள்ளோரும் வீட்டில் ஆக்சிஜன் பெறுவோரும் இப்பசையை அறவே தவிர்க்க வேண்டும். தலைவலியோ மயக்கமோ தோன்றினால் வேலையை நிறுத்திவிட்டு வெளிக்காற்றுக்கு வாருங்கள்.

விமானி அறையின் உட்புறத்திற்கு முதலில் வண்ணமிட்டு, அதன்பின் உடலின் இரு பாதிகளையும் இணைக்க வேண்டும். இறக்கைகளைப் பொருத்தியபின் முன்புறமிருந்து நோக்கி, இரு நுனிகளும் ஒரே உயரத்தில் உள்ளனவா என்று பாருங்கள். கண்ணாடி மூடிக்கு வெள்ளைப் பசையே ஏற்றது. மற்றது அதனை மங்கச்செய்யும். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாக, ஒன்று உலர்ந்தபின் மற்றொன்றாக இடுங்கள்.

வட்டச் சின்னங்களுக்கான ஒட்டுப்படங்கள் பழுப்பேறியிருந்தால், கண்ணாடி உறையிலிட்டு வெயில் படும் சன்னலில் சில நாள் ஒட்டிவைக்க, பழுப்பு குறையும். முதலில் தேவையற்ற ஒன்றை நீரிலிட்டுப் பாருங்கள். அது நொறுங்கினால், மற்றவற்றின்மீது தெளிவான வார்னிஷ் ஒரு பூச்சுப் பூசிவிடுங்கள். ஒட்டும் இடம் பளபளப்பாக இருந்தால் அடியில் காற்றுக் குமிழ் தங்காது.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நடுங்கும் கையைக் கண்டு, ‘கொடுங்கள், நானே செய்கிறேன்’ என்று வாங்கிவிடாதீர்கள். வெந்நீரும் வெட்டுதலும் உங்களுடையவை. பொருத்துதலும் வண்ணமிடுதலும் அவருடையவை. ஒரு நாளில் ஒரு சக்கரம் மட்டுமே பொருத்தப்பட்டாலும் அது அன்றைய வேலைதான். விசிறி சற்றே கோணியிருந்தால் அப்படியே இருக்கட்டும். முடிந்ததும் அடுத்த பரிசோதனைக்கு வரும்போது எடுத்து வாருங்கள். நாங்களும் காண விரும்புகிறோம்.