பேட்ச் பை: ஒட்டினால் போதாது, தைக்க வேண்டும்

மும்பையின் சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையில் போகிறவர்களுக்குத் தாராவியில் முதலில் கண்ணில் படுவது தோல் பைக் கடைகள்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் இங்கே தோல் பதனிடும் தொழிலைத் தொடங்கினார்கள். பாந்த்ராவில் இருந்த இறைச்சிக்கூடம் 1971இல் தேவனாருக்கு மாறிய பிறகு பதனிடும் வேலை மெல்ல வெளியேறியது. வெட்டுவதும் தைப்பதும் தாராவியிலேயே தங்கிவிட்டன. 2015இல் மகாராஷ்டிராவில் மாட்டிறைச்சித் தடை கடுமையாகித் தோல் தொழில் தடுமாறியது. அதன்பின் கலைஞர் சுதீர் ராஜ்பர் தொடங்கிய சமார் ஸ்டுடியோ, மறுசுழற்சி ரப்பரைக் கொண்டு இங்குள்ள கைவினைஞர்களோடு பைகள் செய்தது. பொருள் மாறியது, கைத்திறன் நிலைத்தது.

அந்தத் திறனில் ஒரு பங்கை மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஓர் அறை வீட்டிலும் கற்றுக்கொள்ளலாம். ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரிப்பெட்டி, கொஞ்சம் துண்டுத் துணி, ஒன்றிரண்டு பேட்ச் இருந்தால் நம் பெயரும் நம் விருப்பமும் தாங்கிய பை தயார்.

மகாராஷ்டிரா அரசு பிளாஸ்டிக் பைகளுக்கான தடையை 2018 ஜூன் 23 முதல் அமல்படுத்தியது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. துணிப்பை நல்லதுதான். ஆனால் பருத்தி விளைய நீரும் உரமும் வேண்டும், நெய்ய மின்சாரம் வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பருத்திப் பை புவி வெப்பமடைதலில் குறைந்த பங்கு வகிக்க வேண்டுமானால், அதை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் கணக்கிட்டது. வாரம் ஒருமுறை சந்தைக்கு எடுத்துப்போனால் இரண்டரை ஆண்டு! அத்தனை காலம் ஒரு பை உழைக்க வேண்டுமென்றால் அது கிழியக்கூடாது, நமக்கு அலுத்தும் போகக்கூடாது. சரியான இடத்தில் தைத்த பேட்ச் இந்த இரண்டையும் பார்த்துக்கொள்ளும்.

பேட்ச் எப்படிப் பிறக்கிறது

துணிமேல் துணி வைத்து உருவம் தைப்பது நமக்குப் பழகிய கலை. தஞ்சைப் பகுதியில் தேர்களில் தொங்கும் உருளை வடிவத் தொம்பைகள் இப்படித் தைத்தவைதான். மராட்டியப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கிக் ‘கோதடி’ என்னும் போர்வை தைக்கிறார்கள்.

கடையில் கிடைக்கும் எம்ப்ராய்டரி பேட்ச், மெஷினின் குழந்தை. 1863இல் சுவிட்சர்லாந்தின் ஐசக் குரோப்லி, படகு வடிவ நாடா கொண்ட ‘ஷிஃப்லி’ மெஷினை உருவாக்கினார். இன்று தாராவியில் ஜரி வேலைக் கார்கானாக்களுக்கு அருகிலேயே கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின்களும் ஓடுகின்றன. இவற்றில் ஊசி மேலும் கீழும் மட்டுமே போகும். துணியை இறுக்கிப் பிடித்த சட்டம் நான்கு திசையிலும் நகர்ந்து, அடுத்த குத்து எங்கே விழவேண்டுமோ அந்த இடத்தை ஊசிக்கு அடியில் கொண்டுவரும். ஒவ்வொரு குத்தின் இடத்தையும் கம்ப்யூட்டரில் வரிசைப்படுத்தும் வேலைக்குத் தொழிலில் ‘பஞ்சிங்’ என்று பெயர். ஒரு படத்துக்கு இதை ஒருமுறை செய்தால் போதும். அதனால்தான் ஒரே ஒரு பேட்ச் கேட்டால் விலை அதிகம், ஐம்பது கேட்டால் ஒவ்வொன்றின் விலையும் இறங்கும். அடுக்ககத்துப் பெண்களோ பள்ளி நண்பர்களோ சேர்ந்து ஆர்டர் கொடுப்பது லாபம்.

தமிழில் பெயர் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எம்ப்ராய்டரி நூல் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் இடத்தை அடைக்கும். எழுத்து மிகச் சிறிதானால் ண, ழ போன்றவற்றின் சுழி நூலால் நிரம்பிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போனால் ‘கார்த்திக்’ என்ற பெயரே மாறிவிடும். எழுத்து ஒன்றரை செ.மீ. உயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். புள்ளியை ஒரு குத்தாக விடாமல் சிறு வட்டமாக நிரப்பச் சொல்லுங்கள்.

பசை எதில் பிடிக்கும்

பல பேட்ச்களின் முதுகில் கண்ணாடி போன்ற மெல்லிய படலம் இருக்கும். சூட்டில் இளகும் பிளாஸ்டிக் பசை அது. இஸ்திரிப்பெட்டியால் அழுத்தும்போது உருகித் துணியின் இழைகளுக்குள் இறங்கி, ஆறியதும் இழைகளைப் பிடித்துக்கொண்டு கெட்டியாகிறது. நெருக்கமில்லாத பருத்தி நெசவு இதற்கு ஏற்றது. வழவழப்பான நைலானில் பசைக்குப் பிடி கிடைக்காது.

இஸ்திரிப்பெட்டியைப் பருத்திக்கான சூட்டில் வையுங்கள். நீராவி வேண்டாம். ஈரம் இருந்தால் சூடு நீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். பேட்ச்சின் மேல் மெல்லிய துணி விரித்து, தேய்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். தடித்த நூல் அடுக்கைத் தாண்டிப் பசைக்குச் சூடு போய்ச்சேர நேரமாகும். ஆகவே துணியைத் திருப்பி, பின்பக்கமாகவும் அழுத்துங்கள். முழுதும் ஆறும்வரை விளிம்பைத் தூக்கிப் பார்க்காதீர்கள்.

பார்வைக்குத் துணிபோல இருக்கும் பைகளில் ஏமாறக்கூடாது. கடைகளில் தரும் நெய்யாத பைகள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக். அது ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸில் உருகும். பருத்திச் சூட்டில் இருக்கும் இஸ்திரிப்பெட்டி 200 டிகிரியை எட்டும். பேட்ச் ஒட்டுவதற்குள் பையில் ஓட்டை விழுந்துவிடும். ரெக்சினும் அப்படித்தான் பாழாகும். இவற்றில் தையல் மட்டுமே வழி.

பருத்தியிலும் பசையை மட்டும் நம்பக்கூடாது. பேட்ச்சைப் பக்கவாட்டில் இழுத்தால் முழுப் பரப்பும் சேர்ந்து தாங்கும். விளிம்பிலிருந்து உரித்தால் இழுவிசை முழுதும் ஒரு மெல்லிய கோட்டில் குவியும், பசை அங்கே தோற்கும். பஸ் நெரிசலின் உரசலும் துவைப்பும் செய்வது இந்த உரிப்பைத்தான். பேட்ச்சை அதன் இடத்தில் நிறுத்திவைக்கப் பசை, தாங்கத் தையல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பையைத் தைப்போம்

காடாத் துணியோ, கேன்வாஸோ, கால் கிழிந்த ஜீன்ஸோ எதுவும் ஆகும். புதுப் பருத்தியை முதலில் நனைத்துக் காயவையுங்கள். தைத்த பிறகு துணி சுருங்கினால் பேட்ச்சைச் சுற்றிச் சுருக்கம் விழும்.

90 செ.மீ. அகலத் துணியில் 70 செ.மீ. நீளம் போதும். 40 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமுமாக இரண்டு துண்டு வெட்டுங்கள். மீதியில் 10 செ.மீ. அகலம், 65 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டைகள் கிடைக்கும். அவற்றை நான்காக மடித்துத் தைத்தால் இரண்டரை செ.மீ. அகலக் கைப்பிடிகள்.

பை மூடுவதற்கு முன்பே, துணி தட்டையாக இருக்கும்போதே பேட்ச்சைத் தைத்துவிடுங்கள். பிறகு பையின் உள்ளே மெஷினின் காலை நுழைப்பது கடினம். கேன்வாஸுக்கும் ஜீன்ஸுக்கும் 16ஆம் எண் ஊசி போடுங்கள். பேட்ச் விளிம்பிலிருந்து இரண்டு மி.மீ. உள்ளே ஓட்டுங்கள். வளைவில் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, காலைத் தூக்கித் துணியைத் திருப்புங்கள். பிறகு இரண்டு துண்டுகளின் நல்ல பக்கங்களை உள்ளே வைத்து, ஒன்றரை செ.மீ. விட்டு மூன்று பக்கமும் தையுங்கள். வாயை மடித்துத் தைத்துக் கைப்பிடியை வையுங்கள். கைப்பிடியின் அடியில் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைத்தால் பாரம் எல்லாப் பக்கமும் பரவும்.

ஏற்கெனவே உள்ள பையானால் உள்ளே ஓர் அட்டையை வைத்துக் கையால் கெட்டித் தையல் போடுங்கள். அட்டை இருந்தால் ஊசி மறுபக்கத் துணியைச் சேர்த்துப் பிடிக்காது.

பை முதலில் கிழிவது கைப்பிடி துணியைச் சந்திக்கும் இடத்திலும் அடி மூலைகளிலும்தான். அரிசி, தேங்காய், வெங்காயத்தின் பாரம் முழுதும் கைப்பிடி அடியில் சில தையல்களின் மேல் விழுகிறது. அங்கே உள்ளும் வெளியும் ஒட்டுத்துணி வைத்தால் பாரம் அகன்ற பரப்பில் பிரிந்துபோகும். கூர்மூலைகள் முதலில் உரியும் என்பதால் பேட்ச்சின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். பையின் நடுவில் பெயரும் படமும், பாரம் விழும் இடங்களில் வட்ட ஒட்டுகள் என்று திட்டமிட்டால் அழகும் உறுதியும் ஒன்றாகச் சேரும்.

படத்தை அடிக்கடி மாற்ற ஆசைப்படும் பிள்ளைகளுக்கு வெல்குரோ உண்டு. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் உடையில் ஒட்டிய ஒட்டுமுள்ளை நுண்ணோக்கியில் பார்த்துக் கண்டுபிடித்தது அது. மென்மையான பாதியைப் பையிலும் கொக்கிப் பாதியைப் பேட்ச்சிலும் தைக்க வேண்டும். மாற்றித் தைத்தால் பேட்ச் இல்லாத நாளில் கொக்கிகள் புடவையையும் துப்பட்டாவையும் இழுத்து நூல் பிரிக்கும்.

செலவு எங்கே குறையும்

பேட்ச்சை வாங்கித்தான் ஆகவேண்டும் என்றில்லை. மும்பையில் ‘சிந்தி’ எனப்படும் வெட்டுத் துண்டுகள் ஆயத்த ஆடைப் பட்டறைகளிலிருந்து எடைக்கணக்கில் விற்பனைக்கு வருகின்றன. காஞ்சிப் பட்டின் கிழிந்த முந்தானை, அப்பாவின் பழைய சட்டைப் பை, குழந்தைக்குச் சின்னதாகிப்போன கவுனின் பூ எல்லாமே பேட்ச் ஆகும். வெட்டிய துணியின் விளிம்பை அரை செ.மீ. உள்ளே மடித்து இஸ்திரி போட்டபின் தைத்தால் நூல் பிரியாது. வளைவு வரும் இடத்தில் மடிக்கும் பகுதியில் கத்தரியால் சிறு வெட்டுகள் கொடுத்தால் துணி சுருங்காமல் படியும்.

முதல் பையில் தையல் கோணலாகப் போகலாம். அதனால் அது பாரம் தாங்காமல் போய்விடாது. கடையில் வாங்கிய பை கிழிந்தால் தூக்கிப்போடத் தோன்றும். நாமே தைத்த பை எங்கே நொய்ந்துபோகிறது என்று நமக்குத் தெரியும், அதைச் சரிசெய்யும் முறையும் கைவசம் இருக்கும். கிழிந்த இடத்தில் இன்னொரு பேட்ச் ஏறும், பை மேலும் ஓர் ஆண்டு உழைக்கும். 131 என்ற கணக்கை அது தாண்டிப்போவது அப்படித்தான்.