லேத்தை விட்டு நாற்காலிக்கு! சூப்பர்வைசர் ஆனவர் படும் பாடு

பதவி ஏறுகிறது; சம்பளக் கவர் இளைக்கிறது

சென்னை-

புரமோஷன் ஆர்டர் கைக்கு வந்ததும் வீட்டில் பாயசம் வைக்கிறார்கள். தெருவில் மரியாதை கூடுகிறது. ஆனால் முதல் மாத சம்பளத்தை எண்ணும்போது சிலருக்கு முகம் வாடி விடுகிறது. "இதுக்கு லேத்திலேயே நின்னிருக்கலாம்!" என்று முணுமுணுக்கிறார்கள்.

கிண்டியிலும் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள் ஏற்பட்டு 60 ஆண்டுகள் ஓடி விட்டன. அங்கே பல பட்டறைகளில் சூப்பர்வைசர் வெளியில் இருந்து வருவது இல்லை. மெஷினில் நின்று கை தேர்ந்தவரையே மேலே தூக்கி விடுகிறார்கள். தொல்லையும் அங்கேதான் ஆரம்பம்.

"தள்ளுடா, நான் போடறேன்!"

நேற்று வரை அவர் வேலை, பீசை அளவு பிசகாமல் கடைந்து எடுப்பது. இன்று அவர் வேலை, 10 பேரைக் கடைய வைப்பது. புது பையன் ஒரு பீசைக் கெடுத்ததும் பொறுக்க முடியாது. "தள்ளுடா, நான் போடறேன்" என்று தானே மெஷினில் நின்று விடுவார். அந்த பீஸ் நன்றாக வரும். பையன் கற்றுக்கொள்ள மாட்டான். மற்ற 9 மெஷினையும் பார்க்க ஆள் இருக்காது!

வேலையில் கெட்டிக்காரர் என்றே ஒருவரை மேலே மேலே உயர்த்தி, கடைசியில் அவருக்கு வராத வேலையில் நிறுத்தி விடுகிறார்கள் என்று லாரன்ஸ் பீட்டர் 1969-ல் வெளிவந்த புத்தகத்தில் கேலி செய்தார். அது பட்டறைக்கும் பொருந்தும்.

இரண்டு பக்கமும் இடி

ஒன்றாக டீ குடித்த தோழன் 10 நிமிஷம் லேட்டாக வருகிறான். "என்ன மாப்ளே, எழுதிடுவியா?" என்று சிரிக்கிறான். எழுதினால் சிநேகம் போச்சு. எழுதாவிட்டால், "அவனுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?" என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். மேலே இருப்பவரோ, "உன் ஆளுங்களை உன்னாலே அடக்க முடியலையா?" என்கிறார். மத்தளம் கதைதான்!

ஓ.டி. போச்சு

கூடுதல் நேர வேலைக்கு இரட்டைக் கூலி கொடுக்க வேண்டும் என்பது 1948-ம் ஆண்டு தொழிற்சாலை சட்டம் வகுத்த விதி. 2020-ல் நிறைவேறிய சட்டத் தொகுப்பிலும் அது உண்டு. ஆனால் மேற்பார்வை பதவிக்குப் போனவருக்குப் பெரும்பாலும் இந்த வரும்படி நின்று விடும்.

ஒரு கணக்கு: மணிக்கு 100 ரூபாய் கூலி. மாதம் 15 மணி நேரம் ஓ.டி. பார்த்தால் 3 ஆயிரம் ரூபாய். புரமோஷனில் 2 ஆயிரம் ஏறினாலும், கையில் ஆயிரம் குறைவு!

தொழிலாளியா, இல்லையா?

இதைவிட பெரிய விஷயம் ஒன்று உண்டு. மேற்பார்வை வேலை பார்த்து, குறிப்பிட்ட தொகைக்கு மேல் சம்பளம் வாங்குபவர் சட்டப்படி 'தொழிலாளி' அல்ல. 1947-ம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் அந்த வரம்பு ஒரு காலத்தில் 500 ரூபாயாக இருந்தது. 2010-ல் 10 ஆயிரம் ஆனது. 2020-ம் ஆண்டு சட்டத் தொகுப்பில் 18 ஆயிரம்.

வரம்பைத் தாண்டியவரை வேலையை விட்டு நீக்கினால், தொழிலாளர் கோர்ட்டு கதவைத் தட்ட முடியாது. ஆனாலும் ஒரு பிடி இருக்கிறது. பதவியின் பெயர் முக்கியம் அல்ல, முக்கியமாக என்ன வேலை பார்க்கிறார் என்பதே கணக்கு என்று சுப்ரீம் கோர்ட்டு 1985-ல் தீர்ப்பு கூறியது. பேருக்கு 'சூப்பர்வைசர்' பட்டம் கட்டி, நாள் முழுக்க மெஷினில் நிற்க வைத்தால் அவர் தொழிலாளியே.

10 மணி நேரம் போதும்

2-வது உலகப்போர் சமயம் அமெரிக்காவில் புதிய போர்மேன்களுக்கு அவசரப் பயிற்சி கொடுத்தார்கள். வேலை கற்றுக்கொடுப்பது எப்படி, ஆட்களை நடத்துவது எப்படி, வேலை முறையைத் திருத்துவது எப்படி என்று 3 பாடம். ஒவ்வொன்றுக்கும் 10 மணி நேரம்தான். இங்கோ சனிக்கிழமை ஆர்டர், திங்கட்கிழமை ஷிப்டு என்று தள்ளி விடும் பட்டறைகள் உண்டு.

ஆர்டரில் கையெழுத்து போடும் முன் 3 கேள்வி கேட்க வேண்டும். ஓ.டி. போனால் மொத்த சம்பளம் எவ்வளவு? லீவு கொடுக்க, லேட் எழுத எனக்கு அதிகாரம் உண்டா? சரிப்பட்டு வராவிட்டால் பழைய வேலைக்குத் திரும்ப வழி இருக்கிறதா?

பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. கேட்கக் கூச்சப்பட்டால் நஷ்டம் யாருக்கு? கையெழுத்து போட்டவருக்குத்தான்!