ஒளியின்றி உணவாக்கும் உயிர்கள்

உணவின்றி உயிர் இல்லை. விலங்குகளும் மாந்தரும் பிற உயிர்களை உண்டே வாழ்கின்றனர். ஆனால், உயிரற்ற பொருள்களிலிருந்து தமக்கு வேண்டிய உணவைத் தாமே ஆக்கிக்கொள்ளும் உயிர்களும் உள. அவற்றைத் தற்போசணிகள் என்பர்.

பச்சைத் தாவரங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. வேர் உறிஞ்சும் நீரையும் இலை ஏற்கும் காபனீரொட்சைட்டையும் கொண்டு, ஞாயிற்றொளியின் துணையால் அவை வெல்லத்தைத் தொகுக்கின்றன. சோறும், பசு மேயும் புல்லும், அப்பசு சொரியும் பாலும் இத்தொழிலின் பயனே.

அவ்வாறாயின், ஒளி புகாத இடத்தில் உணவாக்கம் நிகழாதோ? இவ்வினாவுக்கு விடை காண வழிவகுத்தவர் உருசிய அறிஞர் வினோகிராட்சுகி. கந்தக நீரில் வாழும் பற்றீரியாக்கள், அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டை ஒட்சிசனுடன் சேரச்செய்து, அதனாற் பிறக்கும் சத்தியைக் கொண்டு வாழ்கின்றன என அவர் 1887ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். பின்னர், மண்ணில் அமோனியாவை நைத்திரைற்றாகவும் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்களையும் ஆராய்ந்தார். தோட்டத்திலிட்ட எருவைப் பயிர் கொள்ளத்தக்கதாக்குவதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு. இம்முறையில் உணவாக்குதல் இரசாயனத் தொகுப்பு எனப்படும்.

இதன் பெருமையை உலகம் நன்குணர்ந்தது 1977ஆம் ஆண்டிலாகும். கலாப்பகோசுத் தீவுகளுக்கு அண்மையில், ஏறத்தாழ 2,500 மீற்றர் ஆழத்தில், 'அல்வின்' என்னும் ஆழ்கடற்கலம் வெந்நீரூற்றுக்களைக் கண்டது. ஞாயிற்றின் ஒரு கதிரும் எட்டாத அவ்விருளிலே சிப்பிகளும் நண்டுகளும் குழாய்ப் புழுக்களும் செறிந்து வாழ்ந்தன. ஆளுயரத்தினும் மிக வளரக்கூடிய அப்புழுவுக்கு வாயுமில்லை, குடலுமில்லை. அதன் உடலினுள்ளே கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. புழுவின் செங்குருதி அவற்றுக்கு ஐதரசன் சல்பைட்டையும் ஒட்சிசனையும் கொண்டு சேர்க்கின்றது. அவை புழுவுக்கு உணவு ஊட்டுகின்றன. பிற உயிர்களுக்கு நஞ்சான பொருள் இங்கே வாழ்வின் முதலாகின்றது.

எனினும், இப்பற்றீரியாக்களும் ஞாயிற்றுக்கு முற்றும் கடன்படாதவையல்ல. அவை பயன்படுத்தும் ஒட்சிசன், ஒளியில் வாழும் தாவரங்களும் நுண்ணுயிர்களும் வெளிவிட்டதேயாகும். ஒட்சிசனையும் வேண்டாது, ஐதரசனையும் காபனீரொட்சைட்டையும் கொண்டே வாழும் நுண்ணுயிர்கள் சிலவும் உள.

வயலிலாயினும் கடலடியிலாயினும், உண்போர் கூட்டம் எத்துணைப் பெரிதாயினும், அதனைத் தாங்கி நிற்பவை உணவை ஆக்கும் இவ்வுயிர்களே. கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிரென்று அவற்றை இகழ்தல் அறிவுடைமையாகாது.