கிரேன்காரர் வீட்டுப் பெண்

எங்கள் ஊர் திருப்புட்குழி. காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற சாலையில் பாலுசெட்டிச்சத்திரத்தில் இறங்கி உள்ளே நடந்தால் விஜயராகவப் பெருமாள் கோயில் கோபுரம் தெரியும். பிள்ளை இல்லாத பெண்கள் இங்கே குளத்தில் முழுகி, வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். விடிந்ததும் அது முளை விட்டிருந்தால் மரகதவல்லித் தாயார் கண் திறந்துவிட்டாள் என்று நம்பிக்கை. கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து என் அம்மாவும் அப்படிக் கட்டிக்கொண்டவள்தான். "முளைச்சுதாம்மா?" என்று கேட்டால் இன்றைக்கும் சிரித்து மழுப்புவாள். 1979-ல் நான் பிறந்தேன். அவ்வளவுதான் சாட்சி.

அப்பா சென்னைத் துறைமுகத்தில் கிரேன் டிரைவர். ஊரில் என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, "கிரேன்காரர் பொண்ணு" என்றால்தான் தெரியும். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் தறியில் உட்கார்ந்தார்கள், ஏர் ஓட்டினார்கள். நான் மட்டும், "எங்கப்பா ஆகாசத்துல வேலை செய்யறார்" என்று பெருமை அடிப்பேன்.

அவர் மண்ணடியில் நாலு பேரோடு ஒரு அறையில் தங்கியிருந்தார். வாரம் ஒரு தரம், லீவு என்றைக்கு விழுகிறதோ அன்றைக்கு, பாரிமுனையில் பஸ் ஏறி வந்து சேருவார். வந்ததும் சட்டையைக் கழற்றி அம்மாவிடம் தருவார். அந்த நாளில் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கும், இரும்புத் தாது ஏறும். காலரிலும் கைமடிப்பிலும் கறுப்புத்தூள் ஒட்டியிருக்கும். அம்மா மூன்று தண்ணீர் அலசுவாள், மூன்றாவது தண்ணீரும் கறுப்பாகத்தான் வரும். நிலக்கரியையும் தாதுவையும் அங்கே கையாளக் கூடாது என்று உயர்நீதிமன்றம் சொல்லி 2011 அக்டோபரில் நின்றது. அப்பா ரிடையர் ஆனதும் அதே வருஷம்தான். "நான் போனப்புறம்தான் உங்கம்மாவுக்கு விமோசனம்" என்பார்.

திரும்பிப் போகும்போது அம்மா கட்டிக் கொடுப்பது கோயில் இட்லி. கொரகொரவென்று அரைத்துப் புளித்த மாவில் நெய் விட்டு, மிளகு, சீரகம், சுக்கு தட்டிப் போட்டு, டம்ளரில் இலை சுற்றி வேக வைப்பாள். இரண்டு நாள் தாங்கும். மோர்சாதம் கட்டவே மாட்டாள். "மேலே உட்கார்ந்து கண்ணசந்தா கீழே இருக்கறவன் கதி என்ன?" என்பாள். டிரைவர் பெண்டாட்டிக்கும் அந்தப் பொறுப்பு உண்டு என்று நினைத்தவள்.

1983 டிசம்பரில் சென்னையில் கன்டெய்னருக்கென்று தனி முனையம் திறந்தார்கள். நம் நாட்டிலேயே அதுதான் முதல். பழைய கிரேனில் மூட்டையும் பெட்டியும் தூக்கிய அப்பா, பயிற்சி எடுத்துக்கொண்டு அங்கே போனார். நாலு பக்க ரயில்பெட்டி மாதிரி இருபது அடி, நாற்பது அடிப் பெட்டிகள். மேலிருந்து இறங்குகிற இரும்புச் சட்டம் பெட்டியின் நாலு மூலையிலும் பூட்டிக்கொள்ள வேண்டும், ஒரு மூலை பூட்டாவிட்டாலும் தூக்கக் கூடாது. டிரைவர் உட்காருகிற கண்ணாடி அறை பாரத்துக்கு நேர் மேலேயே நகரும். காலுக்கடியில் கண்ணாடி. அதன் வழியே குனிந்து பார்த்தபடியே மணிக்கணக்கில் வேலை.

அதில்தான் அவர் கழுத்து போயிற்று. நாற்பத்தைந்து வயதிலேயே பிடரியில் வலி, கை மரத்துப்போவது எல்லாம் வந்துவிட்டது. (செல்போனைக் குனிந்து பார்த்தே நம் பெண்களுக்கு இப்போது வருகிற அதே வலிதான்.) இறங்கி ஏற நேரமாகிறதே என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டார். அதனால் நீர்க்கடுப்பு. அம்மா நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பாள், வாழைத்தண்டுச் சாறு கொடுப்பாள். ஐம்பதில் சர்க்கரையும் சேர்ந்துகொண்டது.

கயிற்றில் தொங்குகிற பாரம் ஆடும். அதை எப்படி நிறுத்துவது என்று ஒருநாள் என் தம்பியின் தூளியை வைத்துக் காட்டினார். "இழுத்துப் பிடிச்சா இன்னும் ஆடும் பாப்பா. அது போற பக்கமே நாமும் கூடப் போகணும். அது கடைசிக்குப் போய் நிக்கற நேரத்துல நாம அதுக்கு நேர் மேலே இருந்தா, தானா அடங்கிடும்." எனக்குப் பதினாலு வயதில் ஆங்காரம் வந்து தட்டை விசிறியபோது அப்பா ஒன்றும் சொல்லாமல் கூடவே எழுந்து வந்து கிணற்றடியில் நின்றது நினைவிருக்கிறது. என் பெண்ணுக்கு இப்போது அதே வயது. எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை, சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

கீழே நிற்பவர் கைச்சாடை காட்டித்தான் மேலே இருப்பவர் வேலை செய்வார். விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு, கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. சாடை காட்ட ஒருவர்தான், இரண்டு பேர் காட்டினால் குழப்பம். ஆனால் ஒரே ஒரு சாடைக்கு மட்டும் ஆள் கணக்கு கிடையாது. இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க வீசினால் 'உடனே நிறுத்து'. அதை மேஸ்திரி காட்டினாலும் சரி, டீ கொண்டுவருகிற பையன் காட்டினாலும் சரி, நிறுத்தியாக வேண்டும். ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

அந்தச் சட்டம் எங்கள் வீட்டிலும் இருந்தது. மார்க் குறைந்ததற்குத் தம்பியை ஏசிக்கொண்டிருப்பார், அம்மா அடுக்களை வாசலில் நின்று இரண்டு கையையும் விரிப்பாள். அப்பா வாயில் இருக்கிற வார்த்தை பாதியில் நிற்கும். நாங்களும் காட்டுவோம். ஒரு தரம் மூன்று வயதுத் தம்பி காட்டி, அப்பா கையில் எடுத்த விளக்கெண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்! பிறகு கேட்டுவிட்டு ஊட்டினார் என்பது வேறு விஷயம்.

2016-ல் பக்கத்து ஊர் ஒன்றில் அம்மன் திருவிழா. வாடகைக்கு ஒரு கிரேன் கொண்டுவந்து, கொக்கியில் கூடை மாதிரி ஒன்றைக் கட்டி, அதில் இரண்டு பேரை ஏற்றி உயரத்தில் சாமிக்கு மாலை போடுவதாக ஏற்பாடு. அனுபவஸ்தர் மேற்பார்வை பார்க்கட்டும் என்று அப்பாவை அழைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் வண்டி நின்றது உழுத நிலத்தில். பக்கவாட்டுக் கால்களுக்கு அடியில் ஒரு பலகைகூட இல்லை. "சரக்குத் தூக்கற வண்டியில ஆளைத் தொங்க விடக் கூடாது, இந்த மண்ணும் தாங்காது" என்றார். யாரும் கேட்கவில்லை. மேளம் அடிக்கிறது, கூடையில் ஆள் ஏறியாகிவிட்டது. அப்பா வண்டிக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையையும் விரித்து வீசினார். டிரைவர் சின்னப் பையன். அந்தச் சாடை தெரிந்தவன் போலிருக்கிறது, எஞ்சினை நிறுத்திவிட்டான்.

அன்றைக்கு அப்பா கேட்ட பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. சாமி காரியத்துக்குக் குறுக்கே நின்றவன் என்றார்கள். அதற்கப்புறம் அந்த ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வருவது நின்றது. அம்மா பிறந்த ஊர் அது. அவளுக்குத்தான் மனசு ரொம்ப விட்டுப்போயிற்று. அப்பாவிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

2019 கார்த்திகையில் ஒரு காலை. அப்பாவுக்கு இடது தோளிலும் கையிலும் வலி, நெற்றியில் வேர்வை. "பழைய கழுத்து வலிதான், லீவர் பிடிச்ச கை" என்றார். அம்மா, "என்னங்க, எழுந்திருங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றாள். "சாப்பிட்டுப் போகலாம்" என்றார். இன்னொரு தரம் சொன்னாள். "ஒத்தடம் கொடு, சரியாயிடும்" என்றார். பதினொரு மணிக்கு நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார்.

வாசக சகோதரிகளுக்கு இதை எழுதக் காரணம் உண்டு. நெஞ்சை அழுத்துகிற மாதிரி வலி, அது தோள், கை, தாடை, முதுகு என்று பரவுவது, சில்லென்று வேர்ப்பது இவையெல்லாம் மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே தெரியாமலும் போகலாம். பெண்களுக்கு மூச்சுத்திணறல், குமட்டல், சொல்ல முடியாத அசதி என்று வரலாம், நாம் அதை வாயு என்று சொல்லிப் பெருங்காயம் கரைத்துக் குடிப்போம். குடிக்க வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். வீட்டுக்காரர் சாப்பிட்டுப் போகலாம் என்றால் கேட்காதீர்கள்.

அம்மா இன்றைக்கும் ஒன்றைத்தான் சொல்லி மாய்ந்துபோகிறாள். "நான் வாயால சொன்னேன்டி. கையை விரிச்சுக் காட்டலையே. காட்டியிருந்தா நின்னிருப்பாரு."

ஜடாயுவுக்கு ராமர் கடைசிக் காரியம் செய்த தலம் என்பார்கள் எங்கள் ஊரை. அந்தக் குளக்கரையில்தான் தம்பி அப்பாவுக்குத் திதி கொடுக்கிறான்.

2023 ஜனவரி 22-ம் தேதி இரவு, அரக்கோணம் பக்கம் கீழ்வீதி கிராமத்தில் அம்மன் திருவிழாவில் சாமிக்கு மாலை போட ஆட்களை ஏற்றிய கிரேன் சரிந்து உயிர்கள் போயின. டி.வி.யில் பார்த்த அம்மா எழுந்து போய் அப்பா படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

நாலாம் நாள், 2016-ல் அப்பாவை அதிகம் ஏசிய பெரியவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. "அண்ணி, அன்னைக்கு அண்ணனை நான் ரொம்பப் பேசிட்டேன்" என்றார். அம்மா உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இந்த வருஷம் அம்மனுக்கு மாலை எப்படிப் போடப் போறீங்க?"

"ஏணி வச்சுத்தான் அண்ணி."

"கீழே ரெண்டு பேரு ஏணியைக் கெட்டியாப் பிடிச்சுக்கணும்" என்றாள் அம்மா.