தகரக் கொட்டிலும் இரும்பு வீடும்

யாழ்ப்பாணத்தில் காணியும் வீடும் – 9

ஒரு குடியிருப்புப் பகுதியில் எத்தகைய வீடு நிற்கலாம், எத்தகைய வீடு நிற்கக்கூடாது என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி, கல்வீடுகளைப் பொறுத்தவரை யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெரிதாக எழுவதில்லை. வரைபடம் கீறி, பிரதேச சபையிலோ நகர சபையிலோ மாநகர சபையிலோ கொடுத்து, அனுமதி கிடைத்த பிறகு அத்திவாரம் வெட்டுவது ஊரறிந்த ஒழுங்கு. நின்ற இடத்திலேயே கட்டப்படாத வீடு, அல்லது நின்ற இடத்திலேயே நிலைத்திருக்கும் என்று கருதப்படாத வீடு வரும்போதுதான் அந்த ஒழுங்கு தடுமாறுகிறது. காட்டுத்தடியும் தகரமும் தறப்பாளும் கொண்டு ஒரே நாளில் எழுப்பி ஒரே நாளில் பிரித்துவிடக்கூடிய கொட்டில் ஒரு வகை. தொழிற்சாலையில் செய்த பகுதிகளை லொறியில் ஏற்றி வந்து பொருத்தி நிறுத்தும் இரும்பு வீடு இன்னொரு வகை. அமெரிக்காவில் சில்லுகளின் மேல் இழுத்து வரப்படும் நடமாடும் வீடு மூன்றாவது. குடாநாடு இவற்றில் முதல் வகையோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. இரண்டாவது வகையை எதிர்த்து ஒரு பெரிய விவாதத்தையே நடத்தியிருக்கிறது.

இலங்கையின் சட்டம் இத்தகைய வீடுகளைப் பற்றி முற்றாக வாய்மூடி இருக்கவில்லை. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், உள்ளூராட்சி மன்றத் தலைவரின் எழுத்து மூலமான அங்கீகாரம் இல்லாமல் கட்டடம் எதையும் எழுப்பக்கூடாது என்று விதித்ததோடு, கட்டடம் என்பதற்குள் வீட்டை மட்டுமன்றிக் குடிசை, கொட்டகை, கூரையிட்ட அடைப்பு ஆகியவற்றையும் சேர்த்தே வரையறுத்தது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் இன்னும் அகலமாக வலை வீசியது. அச்சட்டத்தின்படி, அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்தில் காணியைத் துண்டாடுவதும், அதன் மேல் அமைப்பு எதையும் எழுப்புவதும், காணியின் பயன்பாட்டை மாற்றுவதும் ‘அபிவிருத்தி நடவடிக்கை’ ஆகும்; அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். வலயப்படுத்தல் எனப்படுவதும் இந்தச் சட்டத்தின் வழியே வருவதுதான். ஒரு நகரத்தைக் குடியிருப்பு, வணிகம், கைத்தொழில் எனப் பகுதிகளாக வகுத்து, ஒவ்வொரு பகுதியிலும் எதற்கு இடமுண்டு என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதே அதன் பொருள். 1986ஆம் ஆண்டின் திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள் குடியிருப்புக் காணித்துண்டு ஒன்றின் குறைந்தபட்ச அளவைப் பொதுவாக 150 சதுர மீற்றர் என்று வைத்தன. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்ற கணக்கில், அது அரைப் பரப்பைவிடச் சற்றே கூடியது.

இந்த விதிகள் எதைக் காப்பதற்காக எழுந்தன என்பதைக் குடாநாட்டின் நிலத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அவற்றின் நியாயம் புரியும். குடாநாட்டின் அடியில் இருப்பது வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த சுண்ணாம்புக்கல். பெய்த மழை அந்த வெடிப்புகளின் வழியே இறங்கி, கடலின் உப்புநீருக்கு மேல் ஒரு நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லாத இந்த நிலத்தில் குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் அந்த நீர்தான் காலங்காலமாக ஆதாரம். மழைநீர் இறங்கும் அதே வெடிப்பின் வழியே மலக்குழியின் கழிவும் இறங்கும். பழைய வளவு ஒன்றில் கிணறு ஒரு பக்கமும் மலசலகூடம் கோடிப்புறத்தின் மறு மூலையிலும் இருந்ததற்கும், அடுத்த வளவுக்காரரின் கிணறு வேலிக்கு அப்பால் எங்கே இருக்கிறது என்று பார்த்தே குழி வெட்டப்பட்டதற்கும் காரணம் இதுதான். நான்கு பரப்பு வளவில் இந்த இடைவெளியைப் பேணுவது எளிது. அதே வளவு நான்கு பிள்ளைகளுக்குச் சீதனமாகவும் முதுசமாகவும் பிரிந்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு வீடும் ஒரு மலக்குழியும் வந்துவிட்டால், ஒருவரின் குழி மற்றவரின் கிணற்றை எட்டிவிடும். ஆகவே, சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒரு வரைபடத்தைப் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியவை கிணற்றுக்கும் குழிக்கும் உள்ள தூரம், வீதிக்கோட்டிலிருந்து விட்ட இடம், ஒழுங்கையின் அகலம், வெள்ளம் ஓடும் வழி ஆகியவையே. சுவர் கல்லால் ஆனதா, தகரத்தால் ஆனதா என்பது இவற்றுக்குப் பின்னால் வர வேண்டிய கேள்வி. ஆனால் நடைமுறையில் அந்தக் கடைசிக் கேள்வியே முதற்கேள்வியாக நின்றிருக்கிறது.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தனர். காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் பலாலி விமான நிலையத்தையும் சுற்றிய அவர்களது ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. அவர்களில் ஒரு பகுதியினர் மல்லாகம், சுன்னாகம், பருத்தித்துறை ஆகிய இடங்களின் நலன்புரி முகாம்களில் தங்கினர். முகாம்கள் பல தனியார் காணிகளில் அமைந்தவை. தற்காலிகம் என்று போடப்பட்ட அந்தக் கொட்டில்களில் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, மணம் முடித்து, பக்கத்திலேயே இன்னொரு கொட்டில் போட்டனர். மல்லாகத்தின் கோணப்புலம் முகாமுக்கு 2015 டிசம்பரில் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன வந்து, முகாம் மக்களை ஆறு மாதங்களுக்குள் மீள்குடியேற்றுவதாக வாக்களித்தபோது, அந்த இடப்பெயர்வுக்கு இருபத்தைந்து வயது நிறைந்திருந்தது. 1915ஆம் ஆண்டின் சட்டப்படி அந்தக் கொட்டில் ஒவ்வொன்றும் கட்டடம், அனுமதி வேண்டியது, குடியிருக்கத் தகுந்தது என்ற சான்றிதழும் வேண்டியது. அவற்றை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது இரக்கத்தால் என்று சொல்லலாம்; ஆனால் அதே இரக்கம், கிணற்றுக்கும் பொது மலசலகூடத்துக்கும் இடையே இருக்க வேண்டிய தூரத்தையும் கேட்காமல் விட்டது.

கொட்டிலிலிருந்து கல்வீட்டுக்குப் போகும் வழியில் நின்ற தடை காணியாகும். இந்திய அரசின் உதவியோடு இலங்கையில் 50,000 வீடுகளைக் கட்டும் திட்டத்தில், வடக்கிலும் கிழக்கிலும் ஒரு புதிய வீட்டுக்கு 5,50,000 ரூபா பயனாளியின் வங்கிக் கணக்கிலேயே கட்டம் கட்டமாகச் செலுத்தப்பட்டு, வீட்டுக்காரரே மேசனைப் பிடித்து, கல்லும் மண்ணும் வாங்கி, தம் எண்ணப்படி கட்டிக்கொண்டார். உதவித்திட்டங்களில் இதுபோல மக்களின் கையில் பொறுப்பைக் கொடுத்தவை குறைவு. குடாநாட்டின் பல ஊர்களில் இன்று நிற்கும் வீடுகளே அதற்குச் சாட்சி. எனினும் அதில் சேர்வதற்குக் காணிக்கு உறுதியோ, அனுமதிப்பத்திரமோ காட்ட வேண்டியிருந்தது. முகாம்களில் நீண்ட காலம் எஞ்சியிருந்தவர்களில் கணிசமானோர் போருக்கு முன்பும் சொந்தக் காணி இல்லாதவர்கள். ஒடுக்கப்பட்ட சாதியினராகப் பிறர் வளவிலோ தோட்டக் கரையிலோ குடிசை போட்டு வாழ விடப்பட்டவர்கள். காணிக்காரர் எழும்பச் சொன்னால் தடியையும் கிடுகையும் கழற்றிக்கொண்டு அடுத்த இடம் தேட வேண்டியிருந்த அந்த வாழ்க்கையில், வீடு நகரக்கூடியதாக இருந்தது விருப்பத்தால் அல்ல. நடமாடும் வீடு என்பது ஏதோ மேற்கத்தேயப் புதுமை என்று எண்ணுவோர் இந்த வரலாற்றை மறந்துவிடக்கூடாது.

இந்தப் பின்னணியில்தான் 2015ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமைச்சர் டி. எம். சுவாமிநாதனின் பொறுப்பிலிருந்த மீள்குடியேற்ற அமைச்சு, வடக்கு கிழக்கில் 65,000 முன்தயாரிப்பு வீடுகளை அமைக்கும் திட்டத்தை முன்வைத்தது. முன்தயாரிப்பு வீடு என்பது சுவரும் சட்டகமும் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டு, காணியில் பொருத்தப்படுவது. லக்சம்பேர்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்சலர்மிட்டல் என்ற உருக்கு நிறுவனம் தெரிவுசெய்யப்பட்டது. ஒரு வீட்டின் விலை ஏறத்தாழ 21 லட்சம் ரூபா. தளபாடங்களும் தொலைக்காட்சியும் கூரையில் சூரிய மின்தகடும் அதில் அடங்கும் என்று சொல்லப்பட்டது. யாழ்ப்பாணத்தில் மாதிரி வீடுகளும் நிறுத்தப்பட்டன. அந்தத் தொகையில் குறைந்தது இரண்டு கல்வீடுகளைக் கட்டலாம் என்று நாடாளுமன்ற உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன், வட மாகாண முதலமைச்சர் சி. வி. விக்னேஸ்வரன், கட்டடப் பொறியியலாளர்கள், பொருளியல் ஆய்வாளர்கள் எனப் பல தரப்பினரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அரசியலில் ஒருவரோடு ஒருவர் முரண்பட்டிருந்தோர்கூட இந்த ஒன்றில் ஒரே பக்கம் நின்றனர்.

எதிர்ப்பின் உள்ளடக்கம் விலையோடு நின்றுவிடவில்லை. உப்புக்காற்று வீசும் கரையோரத்தில் இரும்பு எத்தனை ஆண்டு துருப்பிடிக்காமல் நிற்கும், சித்திரை வெயிலில் உள்ளே எப்படி இருக்க முடியும், அத்திவாரம் போதுமா, கூரை உறுதியா என்பன பொறியியல் கேள்விகள். விறகடுப்பில் சமைக்கும் குடும்பத்துக்குப் புகைபோக்கியுள்ள குசினி எங்கே, மகள் கலியாணம் கட்டும்போது ஓர் அறையை எப்படிக் கூட்டிக் கட்டுவது, ஆணியடிக்கும் வேலையைக்கூட ஊர் மேசனும் தச்சனும் செய்ய முடியாத வீட்டைப் பிறகு யார் திருத்துவது என்பன வாழ்க்கையின் கேள்விகள். கல்வீட்டுத் திட்டம் ஊருக்குள் கூலியையும் வியாபாரத்தையும் பரப்பும். ஆலையில் செய்த வீடு அந்தப் பணத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுபோய்விடும். இவை அனைத்தும் நியாயமான கேள்விகள். அறிவிக்கப்பட்ட வடிவில் அந்தத் திட்டம் நிறைவேறாமல் போனது குடாநாட்டுக்கு நல்லதாகவே முடிந்தது.

ஆனால் அந்த விவாதத்தில் கேட்கப்படாமல் போன ஒரு குரல் உண்டு. கட்டட வரைபடத்தை அங்கீகரிக்கும் அதிகாரம் சட்டப்படி உள்ளூராட்சி மன்றத்துக்கு உரியது. யாழ்ப்பாண மாவட்டத்தின் மன்றங்களோ 2015ஆம் ஆண்டு முடிவதற்குள் பதவிக்காலம் முடிந்து கலைந்துவிட்டன. 2018 பெப்ரவரி 10ஆம் திகதித் தேர்தல் வரை அவற்றில் மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர் ஒருவரும் இருக்கவில்லை. செயலாளர்களும் ஆணையாளருமே அவற்றை நடத்தினர். 65,000 வீடுகளின் வடிவம் கொழும்பில் தீர்மானிக்கப்பட்டபோது, அந்த வீடு எந்த ஒழுங்கையில், யாருடைய கிணற்றுக்குப் பக்கத்தில் வரும் என்று கேட்க வட்டார உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. இரும்பு வீட்டை எதிர்த்தவர்கள் அமைச்சரவையோடும் நாடாளுமன்றத்தோடும் வழக்காடினர்; சபை என்ற களமே காலியாக இருந்தது.

அமெரிக்காவின் அனுபவம் இந்த இடத்தில் ஒப்பிடத்தக்கது. அங்கே 1974ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ், 1976 யூன் 15 முதல், நிலையான அடிச்சட்டத்தின் மேல் ஆலையில் செய்யப்படும் வீடுகளுக்கான கட்டுமானத் தரத்தைச் சமஷ்டி அரசே விதிக்கிறது. அத்தரத்துக்கு உட்பட்ட வீட்டின் கட்டுமானத்தைப் பற்றி ஊராட்சிகள் வேறு விதி போட முடியாது. ஆனால் அந்த வீடு எங்கே நிற்கலாம் என்ற வலயப்படுத்தல் அதிகாரம் ஊராட்சிகளிடமே இருக்கிறது. பல ஊராட்சிகள் அந்த அதிகாரத்தைக் கொண்டு, அயலின் காணி விலை விழுந்துவிடும் என்ற அச்சத்தில், நடமாடும் வீடுகளைக் குடியிருப்புத் தெருக்களிலிருந்து விலக்கி, ஊருக்கு வெளியே தனியான பூங்காக்களில் மட்டும் அடைத்தன. மிச்சிகன் மாநில உயர் நீதிமன்றம் 1981ஆம் ஆண்டில் ரொபின்சன் ஊராட்சி வழக்கில் அத்தகைய முழுத் தடை செல்லாது என்று தீர்த்தது. குறிப்பிட்ட வீடு அந்த இடத்தில் அனுமதிக்கத்தக்க மற்ற வீடுகளோடு ஒப்பிடத்தக்க தரத்தில் இல்லையென்றால் சபை அதை மறுக்கலாம். அது நடமாடும் வீடு என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக்கூடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்பின் தர்க்கம் குடாநாட்டுக்கு அப்படியே பொருந்தும். இரும்பு வீட்டுத் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பு நியாயமானதாக இருந்தபோதும், அதிலிருந்து ‘இரும்பு வீடு ஆகாது, தகர வீடு ஆகாது, கல்வீடே வீடு’ என்ற பொதுவிதி ஒன்றை ஊர்கள் வகுத்துக்கொண்டால், அதன் சுமை விழுவது ஆர்சலர்மிட்டலின் மேல் அல்ல; கல்வீடு கட்டக் காணி இல்லாதவர்களின் மேல்தான். சாதியின் பெயரைச் சொல்லாமலே ஒருவரை அயலிலிருந்து விலக்கக் கூரையின் பொருளைக் காரணம் காட்டலாம் என்பது யாழ்ப்பாணத்துக்குத் தெரியாத செய்தி அல்ல.

பிரதேச சபைகளுக்கு உபவிதி இயற்றும் அதிகாரம் உண்டு. உபவிதி என்பது தாய்ச்சட்டத்தின் எல்லைக்குள் ஒரு சபை தன் ஆட்சிப்பரப்புக்கென ஆக்கி, அங்கீகாரம் பெற்று, வர்த்தமானியில் வெளியிடும் விதி. 2018இல் தெரிவான சபைகள் 2023 மார்ச்சில் கலைந்து, மீண்டும் ஈராண்டுகள் வெறுமையாகக் கிடந்து, 2025 மே 6ஆம் திகதித் தேர்தலின் பின்னரே உயிர்பெற்றன. அந்தச் சபைகள் தற்காலிக வீட்டுக்கும் முன்தயாரிப்பு வீட்டுக்கும் உரிய தனி விதிகளை இப்போதே எழுத வேண்டும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் உள்ள தூரம், ஒழுங்கைக்கு விடும் இடம், வெள்ள வாய்க்கால் ஆகியவற்றில் கல்வீட்டுக்கும் தகர வீட்டுக்கும் ஒரே அளவு இருக்கட்டும். இரும்புச் சட்டகத்துக்குத் துரு, வெப்பம், காற்று ஆகியவை பற்றிய பரிசோதனைச் சான்று கேட்கப்படட்டும். பிறர் காணியில் குடியிருப்பவர் காணிக்காரரின் எழுத்துச் சம்மதத்தோடு தம் பெயரிலேயே வரைபடம் கொடுக்கவும், குறித்த ஆண்டுகளுக்கு அனுமதி பெறவும், அக்காலம் முடிந்து விலக நேர்ந்தால் வீட்டைக் கழற்றித் தம்மோடு கொண்டுபோகவும் உரிமையுண்டு என்பது அந்த அனுமதிப்பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும்.