கடன் அவருடையது, கையெழுத்து யாருடையது?

"உங்க வீட்டுக்காரர் வாங்கின பணம்மா. அவர் தரலேன்னா நீங்கதானே கட்டணும்?" வசூலுக்கு வருபவர் வாசலில் நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கும்படி இதைச் சொல்லும்போது, பலரும் அதைச் சட்டம் என்றே நம்பிவிடுகிறார்கள். நகையைக் கழற்றி அடகுக்கு அனுப்புகிறார்கள். இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. கல்யாணம் ஆன ஒரே காரணத்துக்காகக் கணவனின் கடன் மனைவி தலையில் ஏறாது. மனைவி எடுத்த குழுக்கடனும் கணவன் தலையில் ஏறாது. கடன் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவது கையெழுத்து வழியாகத்தான்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, "எவ்வளவு கடன்?" என்பதல்ல. "நான் எங்கே, என்னவாகக் கையெழுத்துப் போட்டேன்?" என்பதுதான்.

வங்கியில் பென்சிலால் புள்ளி வைத்து "இங்க, இங்க, இங்க" என்று பக்கம் பக்கமாகப் புரட்டி வாங்கிய கையெழுத்துகள் பலவகை. இணைக் கடன்தாரராகப் போட்டிருந்தால் கடனே உங்களுடையதுதான். பணம் யார் கைக்குப் போனது என்று யாரும் கேட்க மாட்டார்கள். சாட்சியாகப் போட்டிருந்தால் பொறுப்பு எதுவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஜாமீன்தாரர். இங்கேதான் நிறைய குடும்பங்கள் ஏமாறுகின்றன. "முதலில் அவரிடம் கேட்கட்டும், அவரிடம் இல்லை என்றால் அப்புறம் என்னிடம் வரட்டும்" என்று ஜாமீன்தாரர் நினைத்துக்கொண்டிருப்பார். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவு, ஜாமீன்தாரரின் பொறுப்பைக் கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமாக வைக்கிறது. வங்கி நினைத்தால் நேரே உங்களிடமே வரலாம். விவாகரத்து ஆனாலும் ஜாமீன் ரத்தாகாது. குடும்ப நீதிமன்றம் திருமணத்தைத்தான் கலைக்கும். வங்கியோடு போட்ட ஒப்பந்தத்தை அது தொடுவதில்லை.

கடை, பட்டறை நடத்துபவர்கள் வைத்திருக்கும் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) கணக்குக்கு ஜாமீன் போட்டிருந்தால் மட்டும் ஒரு வழி உண்டு. அதே சட்டத்தின் 130ஆவது பிரிவுப்படி, தொடர்ந்து நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்குக் கொடுத்த ஜாமீனை, இனிமேல் எடுக்கப்போகும் பணத்தைப் பொறுத்தவரை எழுத்துமூலம் திரும்பப் பெறலாம். இதுவரை எடுத்ததற்குப் பொறுப்பு நீங்காது. ஆனால் கணவர் மாதாமாதம் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டே போகும் நிலையில், இன்றைய தேதியோடு உங்கள் பங்குக்கு ஒரு கோடு கிழித்துவிடலாம். பதிவுத் தபாலில் ஒப்புகைச் சீட்டுடன் அனுப்புங்கள். வங்கிப் பத்திரத்தில் இதற்கு எதிரான நிபந்தனை இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு அனுப்புவது நல்லது. இந்தப் பிரிவைப் பற்றி வங்கி மேலாளர் தானாக முன்வந்து சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

காசோலையில் சங்கதி வேறு. இருவர் பெயரிலும் உள்ள கணக்கிலிருந்து கணவர் கொடுத்த செக் திரும்பி வந்தால் இருவர் மேலும் வழக்குப் போடுவது கடன் கொடுத்தவர்களின் வழக்கம். கையெழுத்துப் போடாதவர் மீது செக் மோசடி வழக்கு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2013இலும் 2021இலும் சொல்லியிருக்கிறது. 2021 வழக்கில் தீர்ப்புப் பெற்றது ஒரு மனைவி. செக்கில் கையெழுத்துப் போட்டிருந்தவர் அவர் கணவர். ஆனால் "சும்மா ஒரு பாதுகாப்புக்கு" என்று கேட்டவரிடம் நீங்களே வெற்றுக் காசோலையிலோ, தொகை எழுதாத புரோநோட்டிலோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால், கடன் இல்லை என்று நிரூபிக்கும் வேலை பெரும்பாலும் உங்கள் பக்கம் வந்துவிடும்.

வீடு யார் பெயரில்?

வீடு கணவர் பெயரில் மட்டும் இருக்கிறது, அதை எங்கும் அடமானம் வைக்கவில்லை, கடன் கைமாற்றாகவோ தனிநபர் கடனாகவோ வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். கடன் கொடுத்தவர் வீட்டுக்குள் புகுந்து பூட்டுப் போட முடியாது. வழக்குப் போட்டு, டிக்ரி வாங்கி, நிறைவேற்று மனுப் போட்டுத்தான் ஜப்திக்கு வர வேண்டும். புரோநோட்டுக்கு மூன்று ஆண்டுக் கெடு. இடையில் வட்டி கட்டி, அதை நோட்டின் பின்னால் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று ஆண்டு. ஜப்திக்கு அமீனா வந்தாலும் எல்லாவற்றையும் அள்ளிப்போக முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவில் உடுதுணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை, கைவினைஞரின் கருவிகள் எல்லாம் விலக்கு. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத ஆபரணமும் விலக்கு என்று அதே பிரிவு சொல்கிறது. 1908இல் எழுதிய சட்டம் தாலியைக் கூட யோசித்து வைத்திருக்கிறது, வசூல்காரர்கள்தான் யோசிப்பதில்லை. விவசாயி, கூலித் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் ஆகியோர் தாங்கள் குடியிருக்கும் சொந்த வீட்டுக்கும் இந்தப் பிரிவில் பாதுகாப்புக் கேட்கலாம். உங்கள் பெயரில் உள்ள சொத்தைக் கணவர் கடனுக்காக ஜப்தி செய்தால் அதே நீதிமன்றத்தில் உரிமை மனுப் போட்டு விடுவிக்கலாம். பணக் கடனுக்கான டிக்ரியை வைத்து ஒரு பெண்ணைக் கைது செய்யவும் முடியாது.

வீடு இருவர் பெயரிலும் இருந்தால், கணவர் மட்டும் வாங்கிய கடனுக்கு அவர் பங்கைத்தான் தொட முடியும். அந்தப் பங்கை ஏலத்தில் எடுத்த வெளியாள் குடும்பம் வாழும் வீட்டுக்குள் பெட்டியோடு வந்து குடியேறிவிட முடியாது. பாகப்பிரிவினை வழக்குப் போட வேண்டியிருக்கும். அதனால் இப்படிப்பட்ட அரை வீட்டை ஏலத்தில் எடுக்க ஆள் வருவதே குறைவு.

வீடு மனைவி பெயரில் இருந்தால் கணவர் கடன்காரர்களுக்கு அதில் வேலை இல்லை. இந்துப் பெண்ணுக்கு வந்த சொத்து அவளுக்கே முழு உரிமை என்று 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு சொல்கிறது. அம்மா வீட்டில் போட்ட நகையும் சீர்வரிசையும் அவள் சொத்தே. அந்த வீட்டையே கணவர் தொழிலுக்கு அடமானமாகக் கொடுத்திருந்தால் மட்டும் இந்தப் பேச்சு செல்லாது.

கடன் கழுத்தை நெரிக்கும்போது சிலர் அவசர அவசரமாக வீட்டை மனைவி பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதுகிறார்கள். பத்திர எழுத்தர்களே யோசனை சொல்வதும் உண்டு. கடன் கொடுத்தவரை ஏமாற்றவே எழுதிய பத்திரம் என்று நிரூபித்தால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஆவது பிரிவுப்படி அதை அவர் ரத்து செய்ய வைக்கலாம். கடன் எதுவும் இல்லாத காலத்தில் எழுதிய செட்டில்மெண்ட் நிற்கும். வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு எழுதியது நிற்பது கஷ்டம்.

வங்கியின் நோட்டீஸ்

வீடு அடமானத்தில் இருந்தால் மேலே சொன்ன நீதிமன்றப் பாதை எதுவும் வங்கிக்குத் தேவையில்லை. 2002இல் வந்த சர்ஃபேசி சட்டம் அதற்குத்தான். 90 நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும். பிறகு 60 நாள் கெடு வைத்து அந்தச் சட்டத்தின் 13(2) பிரிவுப்படி நோட்டீஸ் வரும். அதை அலமாரியில் செருகிவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடப்பது. பதில் எழுதுங்கள். தொகையில் தவறு, வட்டிக் கணக்கில் குழப்பம், கட்டிய தவணை வரவு வைக்கப்படாதது என்று எதுவாக இருந்தாலும் எழுதினால், 15 நாளுக்குள் வங்கி காரணத்தோடு பதில் தர வேண்டும்.

60 நாள் முடிந்தால் சுவாதீன அறிவிப்பு. வாசலில் ஒட்டுவார்கள், இரண்டு நாளிதழ்களில் போடுவார்கள். இது பெரும்பாலும் காகிதத்தில் மட்டும் எடுக்கும் சுவாதீனம்; நீங்கள் வீட்டுக்குள்ளேதான் இருப்பீர்கள். "யாரும் வந்து காலி செய்யச் சொல்லவில்லையே" என்று அசட்டையாக இருப்பார்கள். ஆனால் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போவதற்கான 45 நாள் அன்றைக்கே ஓடத் தொடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, கோவையில் இந்தத் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. கடன் வாங்கியவர்தான் போக வேண்டும் என்பதில்லை. பாதிக்கப்பட்ட எவரும் போகலாம் என்று 17ஆவது பிரிவு சொல்வதால், எந்தக் கையெழுத்தும் போடாத மனைவியும் தன் பெயரில் மனுப் போடலாம். காவல்துறையோடு வந்து உண்மையில் வீட்டை எடுக்க, வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ உத்தரவு வாங்கி வர வேண்டும். முழு நிலுவையையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் என்று 2016இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஏலத்துக்கு முதல் நாள் பணத்தோடு ஓடுவது இப்போது வங்கியின் தயவைப் பொறுத்தது.

அசலும் வட்டியும் சேர்த்து மீதி 20 சதவீதத்துக்கும் கீழே இருந்தாலோ, அடமானம் வைத்தது விவசாய நிலமாக இருந்தாலோ இந்தச் சட்டத்தைப் பயன்படுத்த முடியாது. முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தனியார் நிறுவனங்களும் மைக்ரோஃபைனான்ஸ் ஆட்களும் குடும்பத்தாரை மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025இல் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றுக்கு எதிரான 2003ஆம் ஆண்டுச் சட்டமும் அமலில் இருக்கிறது.

குடியிருக்கும் உரிமை எதுவரை?

2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் மனைவிக்கு அங்கே குடியிருக்கும் உரிமை கொடுக்கிறது. மாமனார் மாமியார் வீடாக இருந்தாலும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தெளிவாக்கியது. இதைப் படித்துவிட்டு, வங்கியும் தன்னை வெளியேற்ற முடியாது என்று நம்புகிறவர்கள் உண்டு. அந்தப் பிரிவிலேயே "சட்டப்படியான நடைமுறை மூலமாக அன்றி" வெளியேற்றக் கூடாது என்றுதான் இருக்கிறது. வங்கி வருவது அந்த நடைமுறையோடுதான். அடமானத்துக்கு முன்னால் குடியிருப்பு உரிமை பொதுவாகத் தோற்றுப்போகும்.

கணவருக்கு எதிராக இந்தச் சட்டம் கூர்மையான ஆயுதம். அவர் சம்பாதித்து வாங்கிய வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ தமிழ்நாட்டில் மனைவியின் கையெழுத்து தேவையில்லை. ஆனால் அவர் அப்படிச் செய்யாமல் தடுக்க, 19ஆவது பிரிவின் கீழ் நடுவர் நீதிமன்றம் உத்தரவு போடலாம். வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் விடுவதையும் நகையைக் கேட்காமல் விற்பதையும் பொருளாதார வன்முறை என்றே சட்டம் சொல்கிறது. இந்த மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பில் இழுக்கும், அதனால் இடைக்கால உத்தரவைக் கேட்டு வாங்குங்கள். அதுவும் அடமானத்துக்கு முன்னால். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். மூலப்பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கியது பதிவாகியிருந்தால் அதிலேயே தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதைச் சந்தேகம் என்று கணவர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சம பங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. மகிழ்ச்சியான தீர்ப்புதான். ஆனால் அந்தத் தகராறு கணவன் மனைவிக்குள் நடந்தது. அதைக் காட்டி வங்கியைத் திருப்பி அனுப்பலாம் என்று எண்ண வேண்டாம்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்பது தடையல்ல. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி கேட்கும் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது நோட்டீஸின் உறையையும் எடுத்துப் போங்கள். என்றைக்குக் கைக்கு வந்தது என்பதற்கு அதன் மேலுள்ள தபால் முத்திரைதான் சாட்சி.

கணவர் இறந்துவிட்டால் கடன் அவர் விட்டுப்போன சொத்தைத் தொடர்ந்து வரும். வாரிசுகள் அந்தச் சொத்தின் மதிப்பு வரைக்கும்தான் பொறுப்பு. மனைவியின் சொந்தச் சம்பளத்திலோ பிறந்த வீட்டுச் சொத்திலோ கை வைக்க முடியாது. கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் இது மாறும். துக்க வீட்டுக்கே நோட்டைக் கொண்டுவந்து "சும்மா ஒரு ஒப்புதல்" கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். பதினாறாம் நாள் முடியும் வரை எதிலும் கையெழுத்துப் போடாமல் இருப்பது நல்லது. வருங்கால வைப்பு நிதி, நியமிக்கப்பட்டவரான மனைவியின் கைக்கு வரும்போது கணவரின் கடன்கள் அதைத் தொடாது. வீட்டுக்கடனோடு காப்பீடு எடுத்திருக்கிறார்களா என்று வங்கியில் எழுதிக் கேளுங்கள். இருப்பதே தெரியாமல் தவணை கட்டும் குடும்பங்கள் உண்டு. 1874ஆம் ஆண்டு திருமணமான பெண்களின் சொத்துச் சட்டத்தின் கீழ் மனைவி, பிள்ளைகள் பெயரில் எடுத்த ஆயுள் காப்பீட்டுப் பணத்தையும் கடன்காரர்கள் பொதுவாகத் தொட முடியாது. ஆனால் பாலிசி எடுக்கும் அன்றே அதற்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.